பெற்றோருக்கு ஓர் ஓட்டுநர் தேர்வு

என் குழந்தையை யாருக்குத் தத்துக் கொடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்றேன். தத்தெடுப்பு மையத்து ஆலோசகர் தலையாட்டினார். வருகிறவர்களை எங்கே சந்திக்கலாம் என்று கேட்டார். "என் கார்லதான்" என்றதும் மனிதர் திருதிருவென்று விழித்தார்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரும் தங்கம்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் குட்டு வெளிப்படும்.

அப்போது எனக்கு ஏழு மாதம். காரணமானவன் விஷயம் தெரிந்ததுமே கம்பி நீட்டிவிட்டான். அவனுக்காக அழுது தீர்த்தாகிவிட்டது. வயிற்றில் இருப்பதன் மேல் எனக்குக் கொள்ளைப் பாசம். ஆனால் தனியாளாக வளர்க்க என்னால் ஆகாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சண்டையெல்லாம் அக்காவோடுதான். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குக் குழந்தை இல்லை.

"யாரோ எவரோ வீட்டுக்கு எதுக்குடி குடுக்கணும்? எங்கிட்ட குடு. நான் பெத்ததா சொல்லிக்கறேன். நீ சித்தியா இருந்துட்டுப் போ."

"பொய் சொல்லி வளர்க்கச் சொல்றியா? ஒருநாள் தெரிஞ்சா அது நம்ம மூஞ்சியிலயே முழிக்காது."

"யாரு சொல்லப் போறா?"

"நான்தான். என் வாய் சும்மா இருக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

அன்றோடு அக்கா என்னிடம் பேச்சை நிறுத்தினாள். தட்டை நங்கென்று வைப்பதோடு சரி.

முதலில் வந்தவர்கள் பெரிய இடம். மனைவி ஓட்ட, நான் பக்கத்தில். பின்சீட்டில் ஆலோசகரோடு கணவர். "பாத்து, பாத்து" என்று அவர் ஓயாமல் மந்திரம் ஓதிக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் டயர் நடைபாதையை லேசாக உரசியது.

"மன்னிச்சுக்கங்க. இவளுக்கு எதுவுமே உருப்படியா வராது" என்றார் என்னிடம்.

அந்த அம்மாவின் காது சிவந்துபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு என் குழந்தை ஒரு டம்ளரை உடைத்தாலும் இந்தப் பேச்சைத்தானே கேட்கும்? வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்தவர்கள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவி கணக்கு டீச்சரும். டீச்சர் ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் குப்பைத்தொட்டி இருந்தது. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வேண்டுமென்றே அதை மிதிக்காமல் இருந்தேன். தொட்டி உருண்டு, குப்பையெல்லாம் தெருவில்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, இறங்கு. அள்ளிடலாம்."

"என் தப்புதாங்க. எடுத்து வச்சிட்டு இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுக்கட்டுமா?" என்றார் டீச்சர்.

இருவரும் குனிந்து அள்ளினார்கள். இரண்டாம் தடவை வண்டி ஒழுங்காக நின்றது. அப்போது கேட்டேன், "குழந்தைகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்வீங்க?"

"இவங்கதான் உன்னைப் பெத்தவங்கன்னு சொல்வோம். நீங்களும் வந்து போயிட்டு இருங்க. இல்லன்னா அது எங்களைக் கேள்வி கேட்டே கொன்னுடும்" என்றார் கடைக்காரர்.

தேர்வு முடிந்தது. கையெழுத்தெல்லாம் குழந்தை பிறந்த பிறகுதான், அதுவரை மனசு மாறினால் தாராளமாகச் சொல்லலாம் என்றார் ஆலோசகர். "மாறாதுங்க" என்றேன். சொல்லச் சுலபமாக இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் மாறவில்லை.

பிரசவத்தன்று யார் யார் இருப்பது, யார் முதலில் தூக்குவது என்று பேச மையத்தில் எல்லோரும் கூடினோம். முதலில் நான் தூக்குவேன், பிறகு டீச்சரிடம் நானே கொடுப்பேன் என்றேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு இவகூட நான்தான் போவேன்."

எழுதிக்கொள்ளுங்கள் என்பதுபோல ஆலோசகரைப் பார்த்தாள். பிறகு கணக்கு டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். எல்லாவற்றையும் கெடுக்கத்தான் வந்திருக்கிறாளோ?

"உங்களை அம்மான்னு கூப்பிடட்டும்" என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "ஆனா பெரியம்மா நான்தான். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்."