புறாக்கள் யாருடையவை?

லா ப்ரூயேர் கிராமத்து மாதா கோவிலில் அன்று பூசை முடிந்தும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. ராஜாவுக்குத் திடீரென்று குடிகளின் நினைப்பு வந்திருந்தது. நூற்றெழுபத்தைந்து வருடமாகக் கூடாத சபையை, குருமார், பிரபுக்கள், மற்ற சனங்கள் என்று மூன்று வகுப்பாரையும் சேர்த்து, வெர்சாய் அரண்மனையில் கூட்டப் போகிறார். ஊர் ஊராகக் குறைகளை எழுதி அனுப்ப வேண்டும். நல்ல காரியம்தான். ஆனால் கூட்டத்துக்குத் தலைமை, ஊரை ஆளும் பிரபுவின் நீதிபதி கர்னோ. அவர் முன்னால் பிரபுவைப் பற்றி எவன் வாய் திறப்பான்?

உப்பு வரியைத் திட்டினார்கள், கூலியில்லாத சாலை வேலையைத் திட்டினார்கள். புறா என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

விதவை மதுரினுக்கு வயிறு எரிந்தது. வரி கட்டும் குடும்பத் தலைவி என்பதால் அவளுக்கும் அங்கே இடமுண்டு. பிரபுவின் புறாக்கூண்டை ஒட்டித்தான் அவள் நிலம். விதைத்த பட்டாணியை இரண்டு முறை புறாக்கள் பொறுக்கித் தின்றுவிட்டன. மிச்சம் ஒரே ஒரு மூட்டை விதை. அதுவும் போனால் வருடம் முழுக்கப் பட்டினிதான். பிரபுவின் புறாமேல் கை வைத்தாலோ சிறை.

அவள் எழுந்தாள். பக்கத்து வீட்டு எத்தியேன் அவள் சால்வையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா இரு அக்கா. வம்பை விலைக்கு வாங்காத."

"நீ கம்முனு இரு." அவள் கர்னோ பக்கம் திரும்பினாள். "ஐயா, பிரபுவோட புறா என் விதையத் தின்னுது. எழுதிக்கங்க."

கர்னோவுக்கு முகம் கறுத்தது. ராஜா கைக்குப் போகும் காகிதம். பிரபுவின் மானம் கப்பலேறிவிடும்.

"அபாண்டமாப் பேசாத. பிரபுவோட புறா அவர் எல்லையத் தாண்டாது. உன் நிலத்துல மேயுறது யாருக்கும் சொந்தமில்லாத ஏதோ காட்டுப் புறா."

"நிச்சயமாத் தெரியுமா?"

"சத்தியமா."

"அப்ப அதையே எழுதச் சொல்லுங்க. நீதிபதி ஐயாவே சொன்னாருன்னு."

எழுத்தர் எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் தலைவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பிரபுவின் பெயரைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் கர்னோ நீட்டி முழக்கி ஒரு கையெழுத்துப் போட்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார்கள்.

மறுநாள் மத்தியானம் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் புறாக்கறி மணந்தது. கர்னோ மூச்சிரைக்க மதுரின் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அடிப்பாவி, எத்தனை புறாவ அடிச்ச?"

"காட்டுப் புறாதானேன்னு எண்ணல ஐயா. இல்ல, பிரபுவோடதுன்னா சொல்லுங்க. ராஜாவுக்குப் போற காகிதத்துல பொய் எழுதிட்டோம், திருத்திடலாம்."

கர்னோ குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மிச்சம் இருக்கிறத அறுவடை வரைக்கும் கூண்டுலயே அடைச்சு வைக்கச் சொல்றேன். போதுமா?"

"போதும் ஐயா. உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் நிற்காமல் போய்விட்டார். மதுரின் கை கழுவிக்கொண்டு, கடைசி மூட்டை விதையைத் தோளில் தூக்கி நிலத்துக்கு நடந்தாள்.