மலையேறிய தண்ணீர்

போன சித்திரையில் குரங்கணிக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறியது. சும்மா ஏறவில்லை. சொகுசாக உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் காட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஏறியது. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில் ராக்கையா இதைச் சொன்னபோது, சட்டியில் வெந்துகொண்டிருந்த வடைகூட ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணெய்க்குள் போனது.

ராக்கையா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வேலையில் இருந்தபோது பஸ் போன தூரத்தைவிட, இப்போது அவர் பேச்சு போகிற தூரம் அதிகம். குரங்கணிக் காட்டு அட்டைகள் தன்னைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடும் என்று சொல்கிற ஆள். மலையில் ஓர் ஓடையை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு ஏலக்காய்த் தோட்டம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொக்கச்சாமி அவருடைய மச்சான். அதே ஓடையில் உச்சித் தோட்டம் அவருடையது.

“ஒன் வாயிக்கு பிரேக்கே கெடையாதாய்யா?” என்றார் மொக்கச்சாமி.

ராக்கையா அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கண்ணெல்லாம் எதிரே இருந்த அருண்பாண்டி மேல். சிலமலைக்காரன், அடுத்த ஓடையில் தோட்டம் வைத்திருக்கிறவன். ஓடைத் தண்ணீரை இழுக்க அவன் போட்டிருந்த ஓஸ் குழாய்க்கு மேலே ஒருத்தர் ஓஸ் போட்டுவிட்டாராம். அவருக்கும் மேலே போட இன்னும் நீளமான ஓஸ் வாங்கத்தான் போடிக்கு வந்திருந்தான். இவன் இன்றைக்கு ஓஸோடு ஜீப் ஏறினால் அந்த ஓடையும் பாழ் என்பது ராக்கையாவுக்குத் தெரியும். எப்படியாவது பேச்சில் பிடித்து நிறுத்த வேண்டும்.

“எங்க ஓடையிலயும் இதே கூத்துதான் மாப்ளே. ஒருத்தரு எனக்கு மேல போட்டாரு, நான் அவருக்கு மேல போட்டேன். ஓஸெல்லாம் ஏறி ஏறிக் கேரளாவுக்கே போயிருச்சு. அங்க ஒருத்தரு கதவத் தெறந்து, ‘எந்தா சேட்டா’ன்னு கேக்குறாரு.”

“பொய்யி. கேரளாவுக்கெல்லாம் போகல,” என்றார் மொக்கச்சாமி.

“சரி, வாசல் வரைக்கும் போச்சு.”

கோடை மழை ஏமாற்றிய ஒரு வருஷம் ஓஸ் மட்டும் மிஞ்சியது, உள்ளே காற்று. சண்டை போடக்கூடத் தொண்டையில் ஈரம் இல்லாமல் போன பிறகுதான் எல்லாரும் கூடிச் சங்கம் வைத்தார்கள். மலைச்சரிவின் நடுவில் ஒரு ஊற்று வற்றாமல் கசிந்தது. அதைத் தோண்டி, தொட்டி கட்டி, ஒரே ஒரு வால்வு வைத்துப் பூட்டினார்கள். சாவி யாரிடம் என்பதில்தான் இழுபறி. பலசாலியிடம் கொடுக்கலாம் என்றார்கள் சிலர், படித்தவரிடம் என்றார்கள் சிலர். கடைசியில் சாவி சுருளியம்மாளின் முந்தானை முடிச்சுக்குப் போனது. எல்லாருக்கும் பாய்ந்தபின் மிச்சம் வாங்குகிற கடைசித் தோட்டம் அவருடையது.

“கடேசி ஆளு கையில சாவியா? அந்தம்மா மொத்தத்தையும் தனக்கே விட்டுக்கிட்டா?” என்றான் அருண்பாண்டி.

“எப்படி மாப்ளே விடும்? ஒவ்வொருத்தர் முறையிலயும் அவங்கவங்க தொட்டியடியில நிப்பாங்க. கொறஞ்சா கேப்பாங்க. கூடப் போனா அந்தம்மாவுக்குக் கொறையும். அளவு தப்புறதுக்கு வழியே இல்ல.”

இன்னும் இரண்டு சட்டம் போட்டார்கள். ஊற்றில் தூர் அள்ளாதவருக்கு முறை கிடையாது. திருட்டுத்தனமாக வால்வைத் திருப்பினால், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி எல்லாருக்கும் டீ கொடுக்க வேண்டும். சங்கத்து ஆளான தங்கபாண்டி ஒரு தடவை ஸ்பேனரோடு மாட்டி, டீத்தூக்கோடு மலை முழுக்க ஏறி இறங்கினான். ராக்கையா கணக்கில் அன்றைக்கு அவன் இளைத்த இளைப்புக்கு அவன் வீட்டு நாய் அவனை அடையாளம் தெரியாமல் குரைத்தது.

“சங்கத்துல சேராத ஆளு ஒருத்தரு இருந்தாரு,” என்று ராக்கையா குரலைத் தாழ்த்தினார். “உச்சித் தோட்டம். ‘மொத வாய்த் தண்ணி எனக்கு, எனக்கெதுக்குச் சங்கம்?’ன்னுட்டாரு.”

மொக்கச்சாமிக்குப் புரையேறியது. அந்த ஆள் அவர்தான். அருண்பாண்டிக்கு அது தெரியாது. மச்சானின் மானத்தைக் காப்பாற்ற ராக்கையாவும் பெயரைச் சொல்லவில்லை.

போன சித்திரையில் உச்சி ஓடை ஒரேயடியாகக் காய்ந்தது. தோட்டம் முழுவதும் புதிதாக நடுவதற்காக மொக்கச்சாமி பந்தல் போட்டு வளர்த்த ஏல நாற்று தலை தொங்கியது. அது போனால் இனிமேல் தோட்டமே இல்லை. காலி டிரம்மோடு இறங்கி ஊற்றடியில் வந்து நின்றார்.

“குடுக்கக் கூடாது,” என்று குதித்தான் தங்கபாண்டி. “இவருக்குச் சும்மா குடுத்தா நாளைக்கு எவன் தூர் அள்ளுவான்? நான் சொமந்த டீக்கு என்ன மரியாதை?”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாற்றும் சாகக் கிடந்தது. எல்லாரும் சுருளியம்மாளைப் பார்த்தார்கள்.

“அண்ணே, மம்பட்டி கொண்டாந்தீங்களா?” என்றார் சுருளியம்மாள்.

மொக்கச்சாமி இறங்கித் தூர் அள்ளினார். ராக்கையா சொல்கிறபடி, அன்றைக்கு அள்ளிய சேற்றைக் குவித்ததில் புதிதாக ஒரு மலையே உண்டாகி, குரங்குகள் குடியேறிவிட்டன.

“சரிண்ணே, இனி ஒங்களுக்கும் முறை உண்டு,” என்றார் சுருளியம்மாள். “கடேசியா வந்ததால கடேசி முறை, எனக்கும் பின்னாடி.” முந்தானையை அவிழ்த்து, சாவியை அவர் கையில் வைத்தார். “கடேசி ஆளுக்குத்தான் சாவி. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”



“பொய்யி!” என்றார் மொக்கச்சாமி, டீ கிளாஸை மேசையில் தட்டி. “அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. சுத்தப் பொய்யி.”

“சங்கத்துல சேராத ஆளு கையிலயா சாவி?” என்று அருண்பாண்டி சிரித்தான். “அந்தாளு ஊரையே ஏமாத்தியிருப்பாரே.”

“எப்படிய்யா ஏமாத்துறது?” மொக்கச்சாமி பொங்கினார். “ஒருத்தனுக்கு ஒரு குடம் கூடுதலா விட்டா அது எனக்குல்ல கொறையும்!”

ராக்கையா மும்முரமாக மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

“ஒங்களுக்கா மாமா?”

மொக்கச்சாமி காலி கிளாஸை எடுத்துக் குடித்தார்.

அருண்பாண்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். “கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சாட்சி இல்ல. எங்க மேல் தோட்டத்துக்காரருகிட்ட இத நான் எப்படிச் சொல்றது? ஓஸ் கடை சாத்துறதுக்குள்ள வெரசா போகணும், வர்றேன் மாமா.”

ராக்கையா வாயைத் திறந்தார். எந்தப் பொய்யும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஸ்டாக் தீர்ந்திருந்தது.

அருண்பாண்டி படியில் கால் வைக்கப்போகையில் மொக்கச்சாமியின் கை அவன் கையைப் பிடித்தது.

“உக்காரு அப்பு. ஓஸ் வாங்காத. அந்த உச்சித் தோட்டம் என்னுதுதான்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “தண்ணி ஏறுச்சு. என் முறை வந்ததும் தங்கபாண்டிதான் டிரம்மத் தூக்கி ஜீப்புல வச்சான். சிந்திரக் கூடாதுன்னு முன் சீட்டுலயும் ஒரு டிரம்மு. அது உக்காந்துகிட்டு ஏறுச்சு. நான் பின்னால தொங்கிக்கிட்டுப் போனேன்.”