துரை நாற்காலி

சிங்கப்பூர் கல்லூரி விடுமுறையில் நானும் மீராசாவும் ஜொகூர் பாருவில், அவன் மாமாவின் ஜவுளிக்கடை மாடியில், தினமும் இங்கிலீஷ் பேசிப் பழகினோம். ஞாயிற்றுக்கிழமை துரைமார் வரும் கூட்டத்தில் நான் இஸ்லாத்தை விளக்க வேண்டும். எந்தப் பாவி என் பெயரைக் கொடுத்தானோ!

ஒருவன் பேசுவான். மற்றவன் எதையும் நம்பாத துரையாக நாற்காலியில் உட்கார்ந்து மடக்குவான். துரை நாற்காலியை விட்டு எழுந்தால்தான் பயிற்சி முடியும். அதுவரை வாயில் தமிழ் வரக்கூடாது.

அன்று மீராசா துரையாகவே மாறிவிட்டான். "பச்சைக் குழந்தை சாகும்போது உங்கள் கடவுள் எங்கே இருந்தார்?" என்று இங்கிலீஷில் உறுமினான். மனப்பாடம் செய்திருந்த பதிலை ஒப்பித்தேன். நல்லவேளை, எங்கும் தடுக்கவில்லை.

பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. மீராசா எழுந்தான். நான் தொப்பியை எடுத்தேன். அவன் வாசலை மறித்து நின்றான்.

"பதில் சொல்லுடா."

"அதான் முடிஞ்சிருச்சே, லா. வா, தொழப் போலாம்."

"போன மாசம் எங்க அக்கா புள்ள மவுத்தாகும்போது அல்லா எங்கடா இருந்தான்?"

நாற்காலி காலியாகக் கிடந்தது. என்னிடம் இருந்த பதில் இங்கிலீஷில் மட்டும்தான் இருந்தது.