இருவாச்சிக் கூட்டைக் கண்டுபிடிக்கும் வழி

முட்டையிடும் காலம் வந்ததும் பெண் இருவாச்சி ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துவிடும். ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு மட்டும் மிஞ்சும். ஏறத்தாழ மூன்று மாதம் அந்த இடுக்கு வழியாகத்தான் ஆண் தீனி கொடுக்கும். அத்திப்பழங்களைத் தொண்டையில் சேர்த்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்கு ஏற்றி உள்ளே நீட்டும். உள்ளே இருப்பதற்குச் சிறகுகள் உதிர்ந்திருக்கும். நினைத்தாலும் பறக்க முடியாது.

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பெர்மாஸ் ஜெயாவில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. யாராவது சுவரில் மாட்டிய பறவைப் படத்தைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன். கல்லாவில் இருந்து என் மனைவி ஷைமா குரல் கொடுப்பாள்: "கஸ்டமர் டீ ஆறிப் போச்சு. உங்க பறவை இன்னும் வெளிய வரலையா?"

நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் சிறு சங்கம் எங்களுடையது. பல் டாக்டர் சுகந்தினி தலைவர். செடெனாக் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி, ஆற்றோரமாக மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டில் ஒரு கூட்டைக் காவல் காத்தோம். அதைக் காட்டிக் கொடுத்தவர் வேலு, அந்தத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். வருஷா வருஷம் யாரோ குஞ்சுகளைத் திருடிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல் அவராகவே எங்களைத் தேடி வந்தார். வார நாட்களில் அவர் கவனித்துக்கொள்வார். சனி, ஞாயிறுகளில் நாங்கள் அறுபது அடி தள்ளி ஓலை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆண் எத்தனை முறை வந்தது, என்ன பழம் கொண்டுவந்தது என்று எழுதுவோம். ஒரே ஒரு விதி இருந்தது: இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது.

நான் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மனோகரன் என்று ஒருவர் இரண்டு மாதமாகக் கடைக்கு வந்துகொண்டிருந்தார். மாசாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்றார். என் பேச்சை அவரைப் போல் கேட்டவர் யாருமில்லை. நடுவில் கைப்பேசியைப் பார்க்க மாட்டார். நேற்று விட்ட இடத்தை இன்று எடுத்துக் கொடுப்பார்.

"இடமெல்லாம் வேணாம் பாய்," என்றார் ஒரு நாள். "இவ்வளவு பெரிய காட்டுல ஒரு பொந்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? அது மட்டும் சொல்லுங்க."

சந்தோஷமாகச் சொன்னேன். பழ மரத்தில் தின்றுவிட்டு ஆண் கூட்டுக்கு நேர்கோட்டில் பறக்கும். அந்தத் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வேறொரு பழ மரத்தில் காத்திருந்து, அங்கிருந்தும் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்துக்குப் போய், மேலே பார்க்காமல் கீழே பார்க்க வேண்டும். இடுக்கு வழியாக வெளியே விழுந்த கொட்டைகள் மரத்தடியில் முளைத்து நாற்றங்கால் மாதிரி நிற்கும். ஆர்டர் சீட்டின் பின்பக்கம் படமே போட்டுக் காட்டினேன்.

"சூப்பர் லா! குஞ்சு எப்ப பறக்கும்?"

"நாங்க பாக்கிற கூட்டுல இன்னும் பத்து நாள்."

சனிக்கிழமை காலையில் நான் செடெனாக் போவது கடைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நானும் சுகந்தினியும் போனபோது வாசல் உடைந்து கிடந்தது. அடிமரத்திலிருந்து பொந்து வரை வரிசையாக ஆணிகள். உள்ளே ஒன்றுமில்லை, தாயும் இல்லை. நாங்கள் நிற்கும்போதே ஆண் வந்தது. உடைந்த விளிம்பில் தொற்றிக்கொண்டு ஓர் அத்திப்பழத்தை உள்ளே நீட்டியது. வாங்க யாருமில்லை. பழத்தைத் திரும்பத் தொண்டைக்குள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி நீட்டியது.

சுகந்தினி பனை மரங்களைக் காட்டினார். "ஹாரூன், இங்க பாருங்க. சிவப்பு ராஃபியா கயிறு கட்டியிருக்காங்க. அந்தப் பக்கமும் ஒரு வரிசை."

இரண்டு வரிசைகளும் இந்த மரத்தடியில் வந்து சேர்ந்தன. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

"தோட்டத்துக் கயிறுதானே இது?" என்றார் அவர். "வழி காட்டறதுக்குக் கட்டின மாதிரி இருக்கு. நம்மளை விட்டா வேலுவுக்கு மட்டும்தான் இடம் தெரியும்."

நான் வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் காரணம் சொல்லும் எனக்கு, அன்று ஏன் பேசாமல் இருந்தேன் என்பதற்கு மட்டும் இன்று வரை காரணம் சொல்லத் தெரியவில்லை. சங்கம் கூடி, இனி வேலுவிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தது. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தேகம் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. மனோகரன் அதன் பிறகு கடைப் பக்கம் வரவேயில்லை.

பதினோராம் நாள் சுகந்தினியின் கிளினிக்குக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். "போலீஸ்ல நான் சொல்லிக்கிறேன்," என்றார். "நீங்க முதல்ல வேலுவைப் போய்ப் பாருங்க."

வேலு தன் வீட்டு வாசலில் குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"அப்போ பதினோரு நாளா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"சரி." கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஆத்துக்கு அந்தாண்ட இன்னொரு ஜோடி அடைச்சிருக்கு. எங்கேன்னு உங்க யாருக்கும் சொல்ல மாட்டேன் பாய். நானே பாத்துக்கிறேன்."

"வேணாம்ணே, சொல்லாதீங்க. என்னால வேற ஏதாவது செய்ய முடியுமா?"

"ஒன்னு செய்ங்க. உள்ள என் மருமகன் இருக்கான். குஞ்சை எங்க மாமா ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு தினம் கேக்குறான். தோட்டமே கேக்குது. நான் எடுக்கலைன்னு அவன்கிட்டயாவது சொல்லுங்க."

நான் உள்ளே போகும்போது வாசலில் மறுபடி அரிவாள் தீட்டும் ஓசை எழுந்தது. மருமகன் மகேஸ்வரன் கூட்டாளிகள் இரண்டு பேரோடு டிவியில் பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் குறைத்தான். வேலு மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, திருடனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்றேன்.

"இடத்தையா சொன்னீங்க?"

"இல்ல. இடத்தைச் சொல்லல."

"அப்போ மாமா சொல்லாம அவன் எப்படி பாய் அவ்வளவு சரியா மரத்தடிக்கு வந்தான்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் நம்புவார்கள்; ஒரு காகிதம் இருந்தால் போதும், ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூடு இருந்தது.

"எப்படியோ வந்துட்டான்பா," என்றேன்.

மகேஸ்வரன் கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தான். "மாமா நல்ல ஆளாத்தான் பிடிச்சு அனுப்பியிருக்காரு," என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினான்.

வாசலில் அரிவாள் தீட்டும் ஓசை நின்றிருந்தது.