கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்

கோல்ட்டன் ஹாவ்லிக் நான்கு வருடமாக எல்ம் ஃபோர்க் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடுகிறான். ஆடுகிறான் என்பதைவிட முட்டுகிறான் என்பதே சரி. முன்வரிசையில் குனிந்து நின்று, எதிராளியை முட்டித் தள்ளி, பந்தோடு வருகிறவனுக்கு வழி உண்டாக்குவதுதான் அவன் வேலை. பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டியவனுக்கு ஊரே கைதட்டும். வழி உண்டாக்கியவனுக்கு முதுகுவலிதான் மிச்சம்.

அவன் அப்பா டுவேனுக்கு இது ஆறாத குறை. மகன் அப்படிக் கோடு தாண்டி ஒரே ஒரு டச் டவுன் வைப்பதையாவது படமெடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேமராவோடு கோட்டுக்குப் பின்னால் போய் நிற்பார். அம்மா அதற்கென்று ஒரு படச் சட்டம் வாங்கி முன்னறையில் மாட்டியும் விட்டாள். கடைக்காரன் வைத்துக் கொடுத்த யாரோ ஒரு குடும்பம்தான் இன்னும் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இன்று கடைசி ஆட்டம். இதற்கப்புறம் கோல்ட்டனுக்குச் சோளக்காடும் டிராக்டரும்தான். வழக்கமாகப் பந்தோடு ஓடும் டெரிக் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட, கோச் ஸ்ட்ரூப் வேறு ஆளில்லாமல் கோல்ட்டனை அந்த இடத்தில் நிறுத்தினார். எல்ம் ஃபோர்க் ஒரு புள்ளி முன்னால். முடிய ஒன்றரை நிமிடம். எதிரணியான ஹார்லோ ஊர்ப் பையன்களிடம் கடிகாரத்தை நிறுத்த டைம்-அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை.

"நல்லாக் கேட்டுக்க," என்றார் கோச். "ரெண்டு கஜம் போனாப் போதும், புதுசா நாலு வாய்ப்பு கெடச்சிடும். அப்புறம் நம்ம பையன் கைல் இருக்கானே, அவன் பந்த வாங்கி வாங்கி முட்டி போட்டே கடிகாரத்த ஓட்டிடுவான். ஓரக்கோட்டத் தாண்டி வெளிய போயிடாத, கடிகாரம் நின்னுடும். வழி கெடச்சாலும் டச் டவுன் வெச்சிடாத. வெச்சா பந்து அவனுங்க கைக்குப் போயிடும், மிச்ச நேரத்துல திருப்பி அடிச்சிடுவானுங்க. புரியுதா?"

"எனக்கு எங்க கோச் வழி கெடைக்கப் போகுது?" என்றான் கோல்ட்டன். எல்லோரும் சிரித்தார்கள்.

பந்து கைக்கு வந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தான். யாரும் மோதவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஹார்லோ பையன்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்கிறார்கள். மதியம் முழுக்க அவன் விலாவைப் பதம் பார்த்த பிரான்சன், கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பவனைப் போல ஒதுங்கிக் கை காட்டினான்.

"போ மச்சான், போ! உனக்குத்தான்!"

எதிரே வெறும் புல். அதற்கப்பால் கேமராவோடு அப்பா. "வாடா! ஓடி வாடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், கோல்ட்டன் கோச்சை மறந்துதான் போனான். கால் பறந்தது, நெஞ்சு நிறைந்தது. நாலு வருஷமாக ஒரு அடிகூட விட்டுக்கொடுக்காதவர்கள் இன்று ஏன் இவ்வளவு நல்லவர்கள் ஆனார்கள் என்ற எண்ணம் கோட்டுக்குக் கிட்டே வந்தபோதுதான் தட்டியது. நின்றுவிட்டான்.

பிரான்சன் விடுவானா? பின்னாலிருந்து ஓடி வந்து இடுப்போடு கட்டித் தூக்கி, கோட்டை நோக்கித் தள்ளினான். எதிரணிக்காரனே டச் டவுன் வைக்கத் தூக்கிப் போக, அதை வேண்டாம் என்று கோல்ட்டன் உதறினான். பார்க்க எருமையைக் குளத்தில் இறக்குவது போல இருந்தது. கடைசியில் காலை மடக்கிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்.

ஊரே உச்சுக் கொட்டியது. "எந்திரிடா! ஒரு முழம்தான்டா!" என்று அப்பா அலறினார். கோல்ட்டன் பந்தைக் கட்டிக்கொண்டு எழாமலே இருந்தான். தான் செய்தது சரி என்று தெரிந்தது. தெரிந்தும் அழுகை வந்தது.

நடுவர் கையைச் சுழற்றினார். கடிகாரம் ஓடியது. கைல் பந்தை வாங்கி முட்டி போட்டான். மறுபடியும் முட்டி போட்டான். ஹார்லோ பையன்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்துத்தான் டுவேனும் திரும்பிப் பார்த்தார். அதோடு அவர் சத்தம் அடங்கிப்போனது.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது பிரான்சன் சொன்னான்: "என் வாழ்க்கையில ஒருத்தனுக்குக் கதவத் தெறந்து விட்டது இன்னிக்குத்தான். அதையும் வேணாம்னுட்டியே, பாவி."

பள்ளிக்கூடத்தில் சாப்பிடச் சில்லி என்னும் கறிக்குழம்பும் சினமன் ரோல் என்னும் இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். கோல்ட்டனுக்கு இறங்கவில்லை. வண்டியில் ஏறியதும், "மன்னிச்சிருங்கப்பா. படம் இல்லாமப் போச்சு," என்றான்.

"யாரு சொன்னா?" டுவேன் கேமராவை நீட்டினார். "திட்டிக்கிட்டேதான் இருந்தேன். ஆனா பட்டன்லேர்ந்து வெரல எடுக்கல."

படத்தில் பிரான்சன் அவனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கோல்ட்டனின் இரண்டு காலும் அந்தரத்தில். கண்ணை இறுக மூடியிருந்தான். முன்னால் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிந்தது.

"இதையா மாட்டப் போறீங்க?"

"பின்ன? கோட்டத் தாண்டின படம் ஊர்ல எல்லார் வீட்டுலயும் தொங்குது," என்றார் டுவேன்.

வீட்டுக்குப் போனதும் அவர் முதல் வேலையாகச் சட்டத்தைக் கழற்றி, சிரித்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தை வெளியே எடுத்தார்.