ஆளுக்கொரு குண்டு

பக்கத்துத் தீவில் அமெரிக்கக்காரன் இறங்கிய அன்று எங்களுக்கு ஆளுக்கொரு கையெறி குண்டு கொடுத்தார்கள். அது எதிரிக்கு இல்லை. பிடிபடும் நிலை வந்தால் ஊசியைப் பிடுங்கி, தலைக்கவசத்தில் ஒரு தட்டு தட்டி, வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியச் சிப்பாய் உயிரோடு சிக்கக்கூடாதாம்.

அமெரிக்கக்காரன் எங்கள் தீவுக்கு வரவே இல்லை. தாண்டிப் போய்விட்டான். எங்கள் கப்பல்களும் வரவில்லை. அரிசி தீர்ந்தது, எலி தீர்ந்தது, பிறகு புல்லைத் தின்றோம். இதற்குப் பெயர் தீவைப் பிடித்து வைத்திருப்பது.

என்னோடு குடிசையில் இருந்த கொமாகி மீனவன் மகன். தன் குண்டை எப்போதோ கடலில் வீசி, மிதந்த மீனை எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டான். இப்போது கால்கள் வீங்கிப் படுத்துக் கிடந்தான்.

"இசோபே, உன் குண்டைக் குடுடா. இந்த வலி போதும்."

"நாளைக்குப் பாக்கலாம்."

"தோஃபு விக்கிற கடைக்காரன் மகன் புத்தி. கேட்டதும் எதையும் தரமாட்டே."

சிரிக்கத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. வயிறு நிறைய மீன் தின்றால் இவன் பிழைத்துவிடுவான் என்று மனசு அடித்துச் சொன்னது.

மறுநாள் காலை பவளப்பாறையில் நின்று, மீன் கூட்டம் வந்ததும் ஊசியைப் பிடுங்கி, குண்டைத் தட்டி வீசினேன். வெடிக்காமல், கிணற்றில் போட்ட கல்லாக அடியில் போய்க் கிடந்தது. மீன்கள் கொஞ்சம் விலகி, திரும்பவும் வந்து மேய்ந்தன. வாயில் வந்தபடி கடலைத் திட்டினேன். கையிலேயே வெடித்தாலும் சரி என்று மூழ்கி எடுத்து, ஊசியைத் திரும்பச் செருகினேன்.

மீனும் இல்லை, சாவும் இல்லை. அவனிடம் எதைச் சொல்வது? ஈரத்தைத் துடைத்து, குண்டை அவன் கையில் வைத்தேன்.

இரு கையாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொன்னான். அதற்குப் பிறகு அவனுக்குப் பயம் விட்டுப்போனது. வேண்டும்போது போய்விடலாம் என்ற தைரியம். வேகவைத்த கிழங்கு இலையைக்கூட முகம் சுளிக்காமல் தின்றான். பொய்யாவது அவனைக் காப்பாற்றட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

வீக்கம் வயிற்றுக்கு ஏறிய அன்று மதியம், "தண்ணி கொண்டா, இசோபே. மெதுவா வந்தாப் போதும்" என்றான்.

குடுவையோடு தென்னை மரம்வரை போனேன். அங்கேயே நின்றுகொண்டேன். தலைக்கவசத்தில் குண்டு மோதும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. பிறகு மறுபடியும்.

உள்ளே போனேன். குண்டின் இடுக்கில் பூத்திருந்த உப்பை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கடல் உப்பு எது என்று மீனவன் மகனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

என்னைத் திட்டுவான் என்று நின்றேன்.

"மீனாவது கெடச்சுதாடா?" என்றான்.

"இல்லேடா."