துண்டுக்குள் பேசிய விலை

கந்தம்மாள் விதைப் பூண்டை விற்கப் புறப்பட்டது பூம்பாறையில் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அடுத்த நடவுக்காக அடுப்புக்கு மேலே பரணில் புகை காட்டிக் காத்த பூண்டு. அதையே விற்கிறாள் என்றால் ஊர் வாய்க்கு வேறு அவல் வேண்டுமா? புருஷன் பொன்னுவேல் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்தான். நாலு ஊசி போட்டால் எழுந்துவிடுவான் என்று கொடைக்கானல் டாக்டர் சொல்லியிருந்தார். மூட்டை வாயைத் தன் நீலச் சேலைக் கிழிசலால் கட்டி, வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறிவிட்டாள்.

வத்தலக்குண்டு கமிஷன் மண்டியில் விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் சேனாதிபதியும் ஒரு வியாபாரியும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டுக்கொண்டார்கள். உள்ளே விரல்கள் பேசின. பூண்டுக்குச் சொந்தக்காரி அந்த அழுக்குத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். துண்டை எடுத்ததும் தரகர் கறிப்பூண்டு விலையைச் சொன்னார்.

"கொஞ்சம் கூடக் கேளுங்கய்யா. விதைக்கு வச்சிருந்த பூண்டு."

"விதைக்கு வாங்குறவன் வந்தா விதை வெல. இவரு கறிக்கு வாங்குறவரு. வேண்டாம்னா தூக்கிட்டுப் போ தாயி."

தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? கமிஷனும் இறக்குகூலியும் போகக் கைக்கு வந்தது இரண்டு ஊசிக்குத்தான் காணும். மற்ற இரண்டுக்கு எங்கே போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி ஏறினான். அவன் மூட்டையைக் கூலியாள் மேலே தூக்கும்போது ஜன்னல் வழியாக அந்த நீலக் கிழிசலைப் பார்த்தாள். அதே முடிச்சு.

"என்ன மதினி, இந்தப் பக்கம்?"

"ஒரு சோலியா வந்தேன்."

"நான் விதைக்கு வந்தேன். வீட்டுல இருந்ததெல்லாம் அழுகிப்போச்சு. இப்பத்தான் ஒரு வியாபாரிகிட்ட ஒரு மூட்டை கெடச்சது. கறிப்பூண்டு வெலையப்போல ரெண்டு பங்கு! என்ன செய்ய? நேத்து உங்க வீட்டுலயே கேக்கலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். இதே வெலையக் குடுத்திருப்பேன். விதையப் போயி யாரு விப்பா, அண்ணன் என்ன நெனப்பாருன்னு திரும்பிட்டேன்."

கந்தம்மாளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால், விற்றவள் தான்தான் என்று பஸ்ஸுக்கே தெரிந்துபோகும். மடியில் இருந்த காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் மலையேறியது. தலைக்கு மேலே வளைவுக்கு வளைவு மூட்டை உருண்டது.

"மொளைக்குமா மதினி? தெரியாத பூண்டு."

"நல்லா மொளைக்கும்" என்றாள் கந்தம்மாள்.